சுவரில் முளைத்த மீசை

"சேர், சுவருக்கு மீசை முளைச்சீக்கி."

ஸ்ரனிஸ்லாஸ் கண்ணைத் திறக்கவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பது துப்பறிபவனின் உரிமை என்பது அவரது கொள்கை. அந்த யோசனையின்போது குறட்டைச் சத்தம் கேட்பதாக அவரது உதவியாள் ஆதிபா சொல்லித் திரிவது அவதூறு.

"எந்தச் சுவருக்கு?"

"மூணு நாளா பாத்துப்போட்டு ஒண்டுமே இல்லையெண்டு செல்றீங்களே, அந்தச் சுவருக்குத்தான்."

கொட்டாஞ்சேனையில் ஒரு மெழுகுதிரிக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். 'ஸ்ரனிஸ்லாஸ் தனியார் விசாரணைச் சேவை' என்று எழுதிய பலகையின் பின்பாதியை வெயில் தின்றுவிட்டு 'தனியார் விசா' வரைக்கும் மிச்சம் வைத்திருந்தது. அதனால் கனடா போகிற கனவோடு மாதத்துக்கு நாலு பேர் படியேறி வந்து ஏமாந்து போனார்கள். துப்பறியச் சொல்லி வருகிறவர்கள் அதைவிடக் குறைவு.

முன்னொரு காலத்தில் ஸ்ரனிஸ்லாஸ் ஓர் இன்சூரன்ஸ் கம்பனியில் நொருங்கிய கார்களைப் பரிசோதிக்கும் உத்தியோகத்தில் இருந்தார். தான் போய் மரத்தில் மோதவில்லை, மரம்தான் வந்து தன்னில் மோதியது என்று சத்தியம் செய்த சனத்தைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். அந்த உத்தியோகம் அவருக்குக் கொடுத்தவை இரண்டு. ஒன்று முழங்கால் வலி. மற்றது மனித குலத்தின்மேல் வந்த களைப்பு. முதலாவதற்கு எண்ணெய் இருந்தது.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். ஆதிபா தன் போனை மூக்குக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கதி இதுதான். போன வியாழக்கிழமை, இருட்டுப்படுகிற மைம்மல் பொழுது. வெள்ளவத்தையில் கரண்ட் இல்லை. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மரக்கறிக் கடை ஜனா சைக்கிளில் வர, ஒரு வாகனம் இடித்துவிட்டு நில்லாமல் போயிற்று. ஜனா இப்போது பொரளை ஆஸ்பத்திரிக் கட்டிலில், கால் எலும்பு இரண்டு துண்டாகி, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். 'கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம்' என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஒழுங்கையில் வெள்ளை வெளிச்சம் என்றால் எல்லார் வாயிலும் வரும் பெயர் அபிஷன். சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகும் தன் பழைய ஜப்பான் வானில், பிறந்த நாளிலிருந்து இருந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. பல்பு பூட்டியிருந்தான். வான் வருவதற்கு முன் வெளிச்சம் வந்துவிடும். அதே ஒழுங்கையில் உள்ள 'ஓஷன் வியூ' மாடிக் குடியிருப்பின் கமிட்டித் தலைவர் வரதராசா, அந்த வெளிச்சத்தைத் தன் மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து கண்டதாகப் பொலிசில் வாக்குமூலம் கொடுத்தார். அபிஷன் ரிமாண்டுக்குப் போனான். நாளைக் காலை வழக்கு.

அவன் மனைவி டெனிஷா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. திங்கட்கிழமை படியேறி வந்தபோது அவள் அழவில்லை. "அவர் உள்ளுக்குச் சாப்பிடுறாரில்லை, சேர். பாக்கப் போனா என்னைச் சாப்பிட்டியா எண்டு கேக்கிறார்" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் ஸ்ரனிஸ்லாஸ் மறுத்திருப்பார். அழுகைக்கு மறுமொழி சொல்லிப் பழகியவர் அவர். இதற்கு அவர் பேனையை எடுத்து விபரம் எழுதத் தொடங்கினார்.

கையில் இருந்த ஒரே தடயம் இந்த வீடியோ. ஓஷன் வியூவுக்குப் பக்கத்தில் பார்மசி வைத்திருக்கும் அஹ்ஸனின் கமரா பற்றரியில் ஓடுகிற வகை. கரண்ட் இல்லாவிட்டாலும் அது முழித்திருந்தது. ஆனால் அது பார்ப்பது ஓஷன் வியூ கேற்றுக்கு நேர் எதிரே உள்ள வெள்ளை மதிலை. கார் இல்லை, இலக்கத் தகடு இல்லை, ஆள் இல்லை. கும்மிருட்டு. பிறகு மதிலில் ஒரு வெளிச்சம். அது வழுகிப் போகிறது. திரும்பக் கும்மிருட்டு.

"இந்தா, இந்த இடத்தில நிப்பாட்டினன். பாருங்க."

மதிலின் கீழ்ப்பாதி பளீரென்று இருந்தது, மேற்பாதி இருட்டு. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. அந்தக் கோடு நடுவில் தாழ்ந்து, இடது நுனியும் வலது நுனியும் மேல்நோக்கி ஏறியிருந்தன. நன்றாக எண்ணெய் பூசி முறுக்கிவிட்ட மீசை.

ஸ்ரனிஸ்லாஸ் மற்றக் கண்ணையும் திறந்தார்.

"ஆதிபா, காரை எடும்."

"எங்க?"

"தெமட்டகொடை. உம்மட நிலாம் நானாவிட்ட."

"சேர், எண்ட காருக்கு இடப்பக்கத்து லைட் எரியிற இல்ல. இருட்டுப் படுறத்துக்குள்ள வந்துடணும்."

"மாசக்கணக்கா இதைத்தானே சொல்லுறீர்."

"மாசக்கணக்கா இருட்டுப் படுறத்துக்குள்ள வந்துட்டுத்தானே ஈக்கிறம்."

*

வாகன விளக்கு விற்கும் நிலாமின் கடை ரயில்வே யார்டுக்குப் பின்பக்கம். ரயில் போகும்போதெல்லாம் கூரையில் தொங்கும் பல்புப் பெட்டிகள் ஊஞ்சலாடும். நிலாம் அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. அபிஷனுக்கு அந்த எல்.ஈ.டி. பல்பை விற்று, கையோடு பூட்டியும் விட்டவர் அவர்தான்.

"தங்கம் மாதிரிப் பொடியன்" என்றார் நிலாம். "அவன் இடிச்சிட்டு ஓடுற ஆளில்ல. பல்பும் தங்கம். பதினேழு நாட்டில ஓடுது."

"இந்த நாட்டில?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"ஓடுதே. பிடிபடுற வரைக்கும்."

ஆதிபா பெட்டியைத் திருப்பி, கடுகளவு எழுத்தில் இருந்ததை வாசித்தாள். "நானா, பொது வீதியில பாவிக்கக் கூடாதெண்டு போட்டீக்கி."

"காலி வீதி பொது வீதியா, தங்கச்சி? அது பஸ்காரன்ட வீதி."

ஸ்ரனிஸ்லாஸ் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து முழங்காலை நீட்டினார். அபிஷனுடைய வானுக்குப் போடுகிற அதே முன்விளக்குக் கூடு ஒன்று இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. ஷட்டரை உள்பக்கமாக இறக்கச் சொன்னார். கடை இருட்டாயிற்று. முதலில் பழைய மஞ்சள் பல்பைக் கூட்டில் போட்டு, ஒரு பற்றரியில் கொழுவி, ஷட்டரின்மேல் அடிக்கச் சொன்னார்.

ஷட்டரில் வெளிச்சம் விழுந்தது. கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவே கோடு. வலப்பக்கம் கோடு படுத்துக் கிடந்தது. இடப்பக்கம் நுனி மேலேறியிருந்தது.

"பாதி மீசை" என்றாள் ஆதிபா.

"பாதிதான் இருக்கவேணும். நாங்கள் இடப்பக்கத்தால ஓடுற நாடு. இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி அடிச்சாத்தான் கரையில நடக்கிற சனம் தெரியும். வலப்பக்கம் எதிரில ஆள் வரும். அங்கால தூக்கினா அவன்ர கண் போயிடும். அதாலதான் அதைப் படுக்க வைக்கிறது. இப்ப உம்மட தங்கத்தைப் போடும், நிலாம்."

நிலாம் எல்.ஈ.டி. பல்பைப் போட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஷட்டர், கூரை, தொங்கிய பெட்டிகள், நிலாமின் தொப்பி, எல்லாவற்றிலும் வெளிச்சம் அப்பியிருந்தது. கோடு என்று ஒன்றைக் காணவில்லை. கோதுமை மா மூட்டையை உயரத்திலிருந்து போட்டு உடைத்தது போலிருந்தது.

"மீசையே இல்ல" என்றாள் ஆதிபா. "மூஞ்சி முழுக்கப் பவுடர்."

"அந்தக் கூடு மஞ்சள் பல்புக்கெண்டு செஞ்சது. வேற பல்பைப் போட்டா அதுக்கு எங்கே அடிக்கிறதெண்டு தெரியாது. எல்லா இடமும் அடிக்கும்." ஸ்ரனிஸ்லாஸ் கையைக் கண்ணுக்கு மறைப்பாகப் பிடித்தார். "அபிஷன்ர வான் அந்த மதிலுக்கு முன்னால நிண்டிருந்தா இப்பிடித்தான் மா கொட்டியிருக்கும். மீசை கீறியிருக்காது."

"அப்ப என்ட பல்பு நிரபராதி" என்றார் நிலாம்.

"உம்மட பல்பு குற்றவாளிதான். வேற வழக்கில."

ஒரு ரயில் போயிற்று. பெட்டிகள் ஆடி ஓய்ந்தன. ஆதிபா போனை மறுபடி எடுத்து அந்த மீசையைப் பார்த்தாள்.

"இடது நுனி சரி, சேர். அது எங்கட நாட்டாள். இந்த வலது நுனி எந்த நாடு?"

"வலப்பக்கத்தால ஓடுற நாடு. ஜேர்மனி, பிரான்ஸ், அப்பிடி ஏதாவது. அங்கத்தைய லைட் வலப்பக்கம்தான் தூக்கி அடிக்கும். ஒரு காருக்கு ஒரு பக்கம் எங்கட லைட், மற்றப் பக்கம் அங்கத்தைய லைட். உடைஞ்ச ஒண்டுக்கு மட்டும் ஆரோ வெளிநாட்டிலயிருந்து கொண்டுவந்து பூட்டியிருக்கினம்."

"அப்ப லேசு" என்றாள் ஆதிபா. "வெள்ளவத்தையில வெளிநாட்டுச் சூட்கேஸ் வராத வீடு எதெண்டு பாத்து, அந்த ஒரு வீட்ட மட்டும் விட்டுட்டு மத்த வீடெல்லாம் தட்டுவம்."

"எல்லா வீடும் வேண்டாம். மதிலில நேரா வெளிச்சம் விழ வேணுமெண்டா கார் ஒழுங்கை வழியா வந்திருக்கேலாது. எதிரில இருக்கிற கேற்றுக்குள்ளயிருந்துதான் வெளிக்கிட்டிருக்க வேணும்."

"ஓஷன் வியூ."

"ஓம்."

அவர் எழுந்துகொள்ள முயன்றார். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. நிலாம் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, அந்தக் கை சும்மா திரும்பக் கூடாதே என்று ஆதிபாவிடம் கேட்டார்: "தங்கச்சி, ஒன்ட காருக்கு ஒரு லைட் எரியிற இல்ல தானே? ஒரு எல்.ஈ.டி...?"

"வேணாம், நானா. எண்ட கார் பாதிக் குருடாவே ஈக்கட்டும்."

*

ஓஷன் வியூ கட்டப்பட்டபோது உண்மையிலேயே கடல் தெரிந்தது என்று சொல்வார்கள். பிறகு முன்னால் இன்னொரு மாடி எழுந்தது. அதற்கும் கடலின் பெயரைத்தான் வைத்தார்கள்.

மூன்றாம் மாடியில் வரதராசாவின் வீட்டு மணியை அடித்தபோது அது பியானோ வாசித்தது. "ஜேர்மன்" என்றார் கதவைத் திறந்த வரதராசா, வணக்கத்துக்கு முன்னால். இளைப்பாறிய எஞ்சினியர். நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். வரவேற்பறையில் சுவர்க்கடிகாரம் ஜேர்மன், காற்றாடி ஜேர்மன். மருமகன் ஒருவர் ஸ்ருட்காட்டில் இருக்கிறாராம். வருடம் தவறாமல் வருவாராம். லோக்கல் சாமான் இந்த வீட்டு வாசலுக்குள் வராது என்றார். ஸ்ரனிஸ்லாஸ் தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"மிஸ்டர் ஸ்ரனிஸ்லாஸ், உங்களுக்கு உவன்ர பெண்சாதி காசு தாறாள் எண்டு தெரியும். ஆனா நான் பாத்ததைத்தான் சொன்னனான். உவன்ர லைற்றைப் பற்றி ரெண்டுதரம் கமிற்றியில கதைச்சனான். ஆற்றையோ கண்ணைக் குருடாக்கப் போறான் எண்டு. ஆராவது கேட்டவையோ?"

"வானைப் பாத்தனீங்களோ, ஐயா?"

"வெளிச்சத்தைப் பாத்தன். பல்கனியில நிண்டால் கேற்றடி தெரியாது, கீழ சன்ஷேட் மறைக்கும். ஆனா ஒழுங்கை முழுக்க வெள்ளையாப் பத்திச்சுது. அவனை விட்டால் ஆர்?"

வரதராசாவின் மகள் சுபோதினி தேத்தண்ணி கொண்டு வந்தாள். முப்பது வயதிருக்கும், வங்கியில் வேலை. கோப்பையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஜனாண்ணைக்கு இப்ப எப்பிடி?"

இந்த வழக்கு தொடங்கிய நாளிலிருந்து ஜனாவைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஸ்ரனிஸ்லாஸ் அதைக் கவனித்தார். ஆனால் தேத்தண்ணி நன்றாக இருந்தது. நல்ல தேத்தண்ணி போடுகிறவர்களைச் சந்தேகிக்க அவருக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"கம்பி வைச்சிருக்கினம், பிள்ளை. நடக்க நாள் செல்லும்."

"எல்லாம் உந்த ஒழுங்கையால வாற சனம்" என்றார் வரதராசா. "போன கிழமை என்ர காரையும் ஒரு த்ரீவீல்காரன் உரஞ்சிப்போட்டுப் போட்டான். இவள் பாங்கில விட்டிருந்த நேரம். பம்பர் முழுக்கக் கோடு."

சுபோதினி வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்ரனிஸ்லாஸ் மெல்ல விஷயத்துக்கு வந்தார். "ஐயா, நீங்கள் வெளியாளின்ர லைட்டைப் பற்றிக் கதைக்கிறீங்கள். இந்த பில்டிங்குக்குள்ளேயே எத்தினை பேர் எல்.ஈ.டி. பூட்டியிருக்கினம் எண்டு தெரியுமோ?"

வரதராசாவின் கண்கள் எரிந்த விதத்தைப் பார்த்தால் அவற்றையும் யாரோ மாற்றிப் பூட்டியது போலிருந்தது.

"இருக்கினமோ?"

"பாத்தாத்தானே தெரியும். எல்லாரும் கேற்றடிக்குக் காரைக் கொண்டுவந்து எதிர் மதிலில ஒருக்கா லைட்டை அடிச்சுக் காட்டினா..."

சொல்லி முடிக்குமுன் வரதராசா போனை எடுத்துவிட்டார். ஓஷன் வியூவில் அரசாங்கம் என்பது குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழு. கமிட்டித் தலைவரின் கட்டளைக்கு வராதவர் பெயர் அடுத்த நாள் காலை அங்கே ஏறும். லிஃப்ட்டுக்குள் பப்பாசித் தோல் போட்டவர் யார் என்று ஒரு வருடத்துக்கு முன் ஏறிய பெயரை இன்னும் சனம் மறக்கவில்லை. எனவே மைம்மலானதும் எல்லாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு, சாரத்தோடும் நைற்றியோடும் கார்ச் சாவியோடும் கீழே இறங்கினார்கள்.

கேற்றடி விளக்கை அணைத்தார்கள். கார்கள் ஒவ்வொன்றாகப் பேஸ்மெண்டிலிருந்து ஏறி வந்து மதிலுக்கு முன்னால் நின்றன.

பல் டொக்டரின் கார்: பாதி மீசை. மொண்டிசூரி நடத்தும் ஷாமிலாவின் கார்: பாதி மீசை. அதற்கடுத்த பொடியனுடைய கார் மதில், மாமரம், மரத்திலிருந்த காகம் எல்லாவற்றுக்கும் மாவைக் கொட்டியது. வரதராசா துள்ளினார். "கழட்டும். நாளைக்கே கழட்டும்." இன்னொன்றின் விளக்கு மதிலையே தொடாமல் ஆகாயத்தைப் பார்த்தது. "இவர் நட்சத்திரம் தேடுறார்" என்றாள் ஆதிபா. பாதி மீசை, பாதி மீசை, மா, பாதி மீசை.

கார்கள் முடிந்தன. முழு மீசை வரவில்லை.

"சேர்" என்று ஆதிபா காதுக்குள் சொன்னாள், "மீசை ஷேவ் எடுத்துட்டுப் போயிட்டுது."

ஸ்ரனிஸ்லாஸ் மதிலோரம் சாய்ந்து நின்றார். முழங்காலில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ விருந்தாளியின் காராக இருந்திருக்கும். வியாழக்கிழமை வந்து, இடித்து, விமானமேறிப் போயுமிருக்கும். நாளைக் காலை டெனிஷா கோர்ட் வாசலில் நிற்பாள். அவளிடம் போய், சுவருக்கு மீசை இருந்தது ஆனால் ஆளைக் காணவில்லை என்று சொல்ல வேண்டும். என்ன வசனத்தில் சொல்வது என்று அவர் மனதுக்குள் அடுக்கத் தொடங்கினார்.

"ஒருத்தற்ற லைற்றும் ஒழுங்கில்லை" என்றார் வரதராசா சபையைப் பார்த்து. "லைற் எண்டால் எப்பிடி இருக்கவேணும் எண்டு உங்களுக்கு ஒருக்காக் காட்டவேணும். நில்லுங்கோ, என்ர காரை எடுத்துக்கொண்டு வாறன்."

"அப்பா, வேண்டாம்." சுபோதினி அவர் கையிலிருந்த சாவியைப் பிடித்தாள். "நேரம் போட்டுது. எல்லாரும் களைச்சுப் போச்சினம்."

"ஒரு நிமிசம்தானே. விடு."

"அப்பா."

"விடு பிள்ளை. சனத்துக்கு ஒரு ஸ்ராண்டேட் தெரியட்டும்."

அவள் விட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் மதிலிலிருந்து முதுகை எடுத்தார்.

வரதராசாவின் கார் ஊர்வலத் தேர் போல மெதுவாக ஏறி வந்தது. கேற்றடியில் நின்றது. பளீரென்று மதில் விழித்தது. கீழே வெளிச்சம், மேலே இருட்டு, நடுவே வெட்டினாற்போல் ஒரு கோடு. கோட்டின் இடது நுனி மேலே. வலது நுனியும் மேலே.

ஆதிபா வாயைத் திறந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் அவள் தோளைத் தொட்டார். அவள் மூடிக்கொண்டாள்.

வரதராசா காரைவிட்டு இறங்கி, மதிலுக்கும் சனத்துக்கும் நடுவில் நின்று கையை விரித்தார். "பாத்தீங்களோ? கோடு கீறினமாதிரி. இதுதான் லைற்."

"நல்ல லைட், ஐயா" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "காரோட வந்ததோ?"

"இடப்பக்கத்துது காரோட வந்தது. வலப்பக்கத்துது முந்தி ஒருக்கா உடைஞ்சு, இஞ்ச கேட்ட விலைக்கு ஒரு காரே வாங்கலாம். மருமகன் ஸ்ருட்காட்டிலயிருந்து சூட்கேசுக்குள்ள வைச்சு, மூண்டு சுவெற்றரால சுத்திக்கொண்டு வந்தவர். பூட்டின மெக்கானிக்கே கையெடுத்துக் கும்பிட்டவன். ஒரிஜினல்."

ஸ்ரனிஸ்லாஸ் போனை வாங்கி, நிறுத்தி வைத்த வீடியோவை அவரிடம் நீட்டினார். "இதையும் ஒருக்காப் பாருங்கோ."

வரதராசா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இது ஆற்றை? நல்ல லைற்றாக் கிடக்கு." இன்னும் கிட்டப் பிடித்தார். "இந்த மதில்தானே? எங்கட ஆக்களில ஆரோ ஒருத்தன் எண்டாலும்..."

நிறுத்தினார். மதிலைப் பார்த்தார். போனைப் பார்த்தார். திரும்ப மதிலைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்தது?"

"வியாழக்கிழமை. கரண்ட் இல்லாத நேரம். அடுத்த நிமிசம் ஜனா விழுந்து கிடக்கிறார்."

"வியாழக்கிழமை என்ர கார் கீழதானே நிண்டது."

மறுமொழி சொல்ல வேண்டியவர் ஸ்ரனிஸ்லாஸ் இல்லை. அது வரதராசாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் மெல்லத் திரும்பினார்.

சுபோதினி கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உங்கட பிறஷர் குளிசை முடிஞ்சிட்டுது, அப்பா. அஹ்ஸன் கரண்ட் இல்லையெண்டு கடையைப் பூட்டிப்போட்டார். பம்பலப்பிட்டிக்குப் போய் வாங்குவம் எண்டு வெளிக்கிட்டனான்." அவள் குரல் வங்கியில் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வது போல ஒரே மட்டத்தில் இருந்தது. "கேற்றால வந்து திருப்பினன். ஜனாண்ணை எதிரால சைக்கிளில. என்னெண்டு தெரியேல்லை, கையைத் தூக்கிக் கண்ணை மூடினவர். மூடிக்கொண்டு அப்பிடியே என்ர பக்கம் சாஞ்சிட்டார். நான் நிப்பாட்டேல்லை. காலி வீதி வரைக்கும் போய் அங்க நிண்டு அழுதனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"திரும்பி வர நீங்கள் பொலிசோட கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள். வானெண்டு சொல்லிப்போட்டியள். நீங்கள் ஒண்டைச் சொன்னால் அது சொன்னதுதானே, அப்பா. இந்த வீட்டில அதுக்கு மேல ஆர் கதைச்சவை?"

குடியிருப்பாளர்கள் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். மதிலில் மீசை மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றது.

"ஜனா ஏன் கண்ணை மூடினவர்?" என்றார் வரதராசா. கேள்வி ஸ்ரனிஸ்லாஸுக்கு. எஞ்சினியர் அல்லவா, விடை பாதி வந்துவிட்டது. மீதியை வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் மதிலின் வலது நுனியைக் காட்டினார். "உங்கட மருமகன்ர ஊரில, ஐயா, அந்த நுனி ரோட்டுக்கரை மரத்தைப் பாக்கும். இஞ்ச அந்தப் பக்கம் மரம் இல்லை. எதிரில வாற மனுசன்ர முகம்."

வரதராசா காருக்குள் கையை விட்டு விளக்கை அணைத்தார். இருட்டில் அவர் போனில் இலக்கம் அழுத்துவது தெரிந்தது.

"ஸார்ஜன் மஹத்தயா, மம துன்ன கட உத்தரே வெரதி" என்றார் சிங்களத்தில். தான் கொடுத்த வாக்குமூலம் பிழை. இந்தச் சொல்லை அந்த வாய் எந்தப் பாஷையிலும் அதுவரை சொன்னதில்லை என்பது கூட்டத்தில் நின்றவர்களின் முகத்தில் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். அவர் சுபோதினியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னார், வான்காரப் பொடியனில்லை, காரை ஓட்டியது மகள் என்று. பிறகு ஒருமுறை மூச்சு வாங்கினார். கண் தெரியாமல் பண்ணிய லைற்றைப் பூட்டியது நான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்.

*

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஆதிபாவின் கார் ஒற்றை விளக்கோடு காலி வீதியில் போயிற்று. கொள்ளுப்பிட்டி வரைக்கும் அவள் ஒரு பகிடியும் விடவில்லை. ஸ்ரனிஸ்லாஸுக்குக் கவலையாகிவிட்டது.

"என்ன, சுகமில்லையோ?"

"ஒருத்தன வெளிய எடுக்கப் போய் இன்னொருத்திய உள்ள வெச்சிட்டு வாறம் தானே, சேர்."

"இந்தத் தொழில் அப்பிடித்தான்."

"வேற தொழில் பாத்தா என்ன? பலகையில விசா எண்டுதானே ஈக்கி."

அவர் போனை எடுத்து டெனிஷாவை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தாள். அவர் சுருக்கமாகச் சொன்னார்: மதிலில் விழுந்தது அபிஷனின் பல்பு வெளிச்சமில்லை, இடித்த காரைக் கண்டுபிடித்தாயிற்று, வாக்குமூலம் மாறுகிறது, நாளைக்கு அபிஷன் பக்கம் பொலிசே பேசும். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"அவர் வீட்டை வருவாரோ, சேர்?"

"வருவார். சமைச்சு வையும். அந்த எல்.ஈ.டி.க்கு மட்டும் தண்டம் கட்டவேண்டி வரும்."

"பரவாயில்ல. அந்த பல்பு இல்லாட்டி அவர் செய்யேல்லையெண்டு எப்பிடி நிரூபிச்சிருப்பீங்க? அதைக் கழட்டி எங்கட மாதா சுருவத்துக்கு முன்னால எரிய விடப் போறன், சேர். மெழுகுதிரிக்குப் பதிலா."

ஸ்ரனிஸ்லாஸ் சீட்டில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். எதிரே யாரோ வெள்ளை வெளிச்சத்தோடு வந்தார்கள். மூடிய இமைக்குள்ளும் அது பத்தியது.

"கீழ பாக்க வைச்சுக் கொளுத்தும், பிள்ளை" என்றார். "மாதாவுக்குக் கண் கூசும்."